விமானக் கொப்பியும் ஒரு பிணைக் கையெழுத்தும்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. தொண்ணூறாம் ஆண்டு ரயில் நின்றது. மின்சாரம் நின்றது. வன்னியில் எங்கள் ஊரான கனகராயன்குளத்துக்குப் பத்திரிகை வருவதும் நின்றது. எனக்குப் பதினெட்டு வயது.

2. அந்த ஆண்டுதான் நாட்டின் விமான நிறுவனத்தைப் பற்றி ஒரு கொப்பியில் பட்டியல் போடத் தொடங்கினேன். எந்த ஆண்டு எந்த விமானம் வந்தது, எத்தனை எஞ்சின், எத்தனை ஆசனம், எப்போது போனது.

3. தொண்ணூற்று மூன்றில் படவரைஞர் பயிற்சியை முடித்துக் குளத்தடி நீர்ப்பாசன அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

4. தொண்ணூற்றாறு மாசியில் என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள், கலியாணம் பேசி முடிந்து பாரிசுக்குப் போகப் புறப்பட்டாள். வன்னியை விட்டு வெளியேற இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்கு, இவர் திரும்பி வருவார் என்று இங்கே இருக்கும் ஒருவர் பிணை நிற்க வேண்டும். நான் நின்றேன்.

5. அவள் திரும்பி வரவில்லை. வரமாட்டாள் என்பது கையெழுத்து வைக்கும்போதே எனக்குத் தெரியும்.

6. இரண்டாயிரத்தில் எனக்கு வெளிநாட்டுப் பயிற்சி ஒன்று கிடைத்தது. விமானத்தில் போகவேண்டிய பயிற்சி.

7. பாஸ் கேட்டுப் போனேன்.

ஒரு விண்ணப்பத்துக்கு எழுதுவதுபோல எழுதிவிட்டேன். விண்ணப்பத்தில் எழுத முடியாதது, மச்சாளைப் பார்த்து நான் எரிந்தேன் என்பது. இனி எழுதப்போவது அதைத்தான்.

கொப்பியின் முதல் வரி ஒரு சீனிச் சரையிலிருந்து வந்தது. பத்திரிகை வராவிட்டாலும் பழைய பத்திரிகைத்தாள் கடைகளுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. சீனி, பருப்பு, கொச்சிக்காய்த்தூள் எல்லாம் அதில்தான் சுற்றித் தருவார்கள். அன்று சரையை விரித்துச் சீனியைப் போத்தலில் கொட்டியபோது, தாளில் ஒரு விமானத்தின் வால் தெரிந்தது. வாலின் அடியில் ஒரு எஞ்சின், செட்டைகளின் கீழ் ஒவ்வொன்று. மேல்பாதி கிழிந்திருந்தது. மீதியில், நிறுவனம் அந்த வகை விமானத்தை எண்பதுகளின் தொடக்கத்தில் வாங்கியது என்றும், அதில் எத்தனை பேர் இருக்கலாம் என்றும் இருந்தது. ஆசனங்களின் எண்ணிக்கையில் கடைசி இலக்கம் கிழிந்துபோயிருந்ததால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். தெரியாததை வெறுமையாக விடுவது என் பழக்கம்.

அதன்பிறகு வீட்டுக்கு வரும் ஒவ்வொரு சரையையும் விரித்து நீவிப் பார்த்தேன். ஊரில் யாரிடமாவது பழைய ஆண்டுமலர், பழைய நாட்காட்டி இருந்தால் கேட்டு வாங்கிப் பிரதி பண்ணினேன். சில ஆண்டுகளில் வரலாறு ஓரளவுக்கு நிரம்பியது. முதலில், சுதந்திரம் கிடைக்கும் தறுவாயில், பழைய நிறுவனமும் அதன் மூன்று டகோட்டாக்களும். அவற்றுக்குத் தேவிமாரின் பெயர்கள் வைத்திருந்தார்கள். முதல் பறப்பு இரத்மலானையில் எழும்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் போயிருக்கிறது. அதை வாசித்த அன்று தேசப்படத்தை எடுத்து அடிமட்டம் வைத்துக் கோடு கீறிப் பார்த்தேன். எங்கள் குளத்துக்கு மேற்கே முப்பது மைல் அளவில், காட்டுக்கு மேலாக அந்தக் கோடு போனது. நாட்டின் முதல் பயணிகள் விமானம் எங்கள் பக்கத்து வானத்தால் போனது என்பதில், காரணமில்லாமல், எனக்குப் பெருமை வந்தது.

அடுத்து, காற்றாடியுடன் கூடிய இரட்டை எஞ்சின் விமானங்கள். பிறகு வாலில் மூன்று எஞ்சினையும் வைத்திருந்த ஒரு ஜெட். எழுபதுகளின் முடிவில் பழைய நிறுவனம் மூடப்பட்டு, புதியது மயில் சின்னத்தோடு தொடங்கியது. முதலில் வாடகைக்கு எடுத்த நாலு எஞ்சின் ஜெட்டுகள். பின்னர் என் சீனிச் சரையில் வந்த மூன்று எஞ்சின் விமானம். எண்பதுகளின் நடுவில் மாடி வைத்த இரண்டு ஜம்போக்கள் வந்தன. அவை பெருமைக்கு வந்து, ஒரு சில ஆண்டுகளில் கட்டுப்படியாகாமல் போய்ச் சேர்ந்தன. எண்பத்தாறில் மூன்று எஞ்சின் விமானம் ஒன்று தரையில் நின்றபடியே குண்டுவெடித்து இரண்டாகப் போனது. அதையும் எழுதினேன். பட்டியல் என்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

எங்கள் தலைக்கு மேல் உண்மையில் வந்த விமானங்கள் இந்தக் கொப்பியில் இல்லை. அவற்றின் சத்தத்தை ஊரில் ஐந்து வயதுப் பிள்ளையும் பிரித்துச் சொல்லும். அவற்றைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆசனமும் சாப்பாட்டுத் தட்டும் உள்ள விமானங்களைப் பற்றி மட்டுமே எழுதினேன்.

அம்மாவுக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. "உந்தப் பிளேன் கொப்பியை ஒருநாளைக்கு அடுப்புக்கை வைக்கிறன் பார்" என்பா. "ஆமி கண்டாலும் கேள்வி, இயக்கப் பெடியள் கண்டாலும் கேள்வி. உனக்கேனடி இந்த விசர்?"

மச்சாள் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி. அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள்.

"மச்சாள், பிளேனுக்கு கோர்ன் இருக்கே?"

"என்னத்துக்கு?"

"முன்னுக்கு மாடு நிண்டால்?"

அவள் என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள். பக்கத்து வளவில் இருந்தாள். எங்கள் இரண்டு குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றாக வந்து, குளத்துக்குக் கீழே காணி எடுத்து நெல் விதைத்தவை. அவள் கணக்கில் மூன்று தரம் தவறினாள். ஒவ்வொரு தரமும் சிரித்துக்கொண்டு வந்து சொன்னாள். விமானம் இரைந்தால் எல்லோருக்கும் முந்திப் பங்கருக்குள் குதிப்பவள் அவள்தான். உள்ளே இருந்துகொண்டு, "மச்சாள், இது எத்தனை எஞ்சின்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பாள். நான் சிரிக்கமாட்டேன்.

பாரிஸ் மாப்பிள்ளை முதலில் எனக்குத்தான் பேசப்பட்டார். சாதகம் பொருந்தவில்லை. தரகர் ஒரு கிழமை கழித்து அதே படத்தை மாமா வீட்டில் காட்டினார், அங்கே பொருந்தியது. மாப்பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அது உண்மை. அந்தப் படத்தில் அவருக்குப் பின்னால் நின்ற கார் நினைவிருக்கிறது, அவருடைய முகம் நினைவில்லை. நான் எரிந்தது வேறு விஷயத்துக்கு. கொழும்பில் கலியாணப் பதிவு முடித்துப் பாரிசுக்குப் போகும்போது அவள் எங்கள் நாட்டு விமானத்தில் போகப் போகிறாள். ஆறு ஆண்டுகளாகச் சரையிலிருந்து ஒவ்வொரு கட்டமாக நான் நிரப்பிய விமானத்தில், செட்டை எது வால் எது என்று தெரியாத ஒருத்தி ஏறி உட்காரப் போகிறாள்.

அந்த மாதம் அலுவலகத்தில் ஒரு குளத்துத் துருசின், அதாவது மதகின், குறுக்குவெட்டுப் படத்தில் அளவு பிழைத்து இரண்டு தரம் திருப்பி வரைந்தேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததில்லை.

மாமா ஒருநாள் பின்னேரம் வந்து குசினி வாசலில் நின்றார். கதிரை போட்டும் இருக்கவில்லை.

"பிள்ளை, பாஸுக்குப் பிணை நிக்க ஒரு ஆள் வேணும்."

"நீங்கள் நிக்கலாமே மாமா."

"என்ரை தம்பிக்கு நான் நிண்டதாலை பேர் ஏற்கெனவே கிடக்கு. அவன் போன வருசம் போனவன், இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறான்." மாமா தானே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "உன்ரை அம்மாவின்ரை பேர் வெளியாலை போன உன்ரை அப்பாவுக்குக் கிடக்கு. இனி நீதான்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டு இருந்தா. பிணை நின்றால் என்ன நடக்கும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். போன ஆள் வராவிட்டால், பிணை நின்ற ஆளுக்குப் பாஸ் இல்லை. அவ்வளவுதான். அடிப்பதும் இல்லை, அடைப்பதும் இல்லை. வன்னியை விட்டு வெளியே போக முடியாது, அவ்வளவு.

நான் மறுத்திருக்கலாம். காரணமும் நியாயமானது. படித்து வேலை பார்க்கும் பெண், நாளைக்கு எங்கேயாவது போகவேண்டி வரலாம் என்று சொன்னால் மாமா விளங்கிக்கொண்டிருப்பார். ஆனால் மறுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்: சாதகம் பொருந்தாத எரிச்சலில் மச்சாளின் பயணத்தை மறிக்கிறாள். அதைவிட மோசம், ஊர் சொல்வதில் பாதி உண்மையாக இருக்கும். எனக்குப் பொறாமை இல்லை என்று காட்ட ஒரு வழிதான் இருந்தது.

"நான் நிக்கிறன் மாமா" என்றேன்.

பாஸ் அலுவலகத்தில் இருந்தவர் மச்சாளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னத்துக்குப் போறியள் தங்கச்சி?"

"டொக்டரிட்டைக் கண் காட்ட அண்ணை."

"கண் நல்லாய்த்தானே கிடக்கு."

"வெளியிலை நல்லாய்க் கிடக்கு, உள்ளுக்குத்தான் தெரியேல்லை" என்றாள் மச்சாள். அவர் சிரிக்காமல் எழுதினார். எப்போது திரும்புவா என்று என்னிடம் கேட்டார். ஒரு மாதத்தில் என்றேன். பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். படத்தின் கீழ் பெயர் எழுதும் அதே சதுர எழுத்தில், தெளிவாக, என் பெயரை எழுதினேன்.

கையெழுத்துக்குப் பதிலாக நான் மச்சாளிடம் ஒன்று கேட்டேன். அலுவலகத்து ட்ரேசிங் தாளில் உள்ளங்கை அளவுத் துண்டொன்றை வெட்டி, மூன்று எஞ்சின் விமானத்தின் பக்கத் தோற்றத்தை மையில் வரைந்தேன். எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று அம்புக்குறிகள் போட்டேன். வால் அருகில் உள்ள பதிவெழுத்துகள், எஞ்சினில் உள்ள பெயர், கதவுகளின் எண்ணிக்கை, ஒரு வரிசையில் எத்தனை ஆசனம், மேலே போனதும் அறிவிக்கும் உயரம். ஒவ்வொரு அம்புக்கும் இலக்கம், கீழே விடைக்கு இடம். அழகான படம். என் பயிற்சிக் காலத்தில்கூட அவ்வளவு சுத்தமாக ஒன்று வரைந்ததில்லை.

"இதை நிரப்பி அனுப்பு. வேறை ஒண்டும் வேண்டாம்."

"அடியே, பாரிசிலையிருந்து சென்ற் போத்தில் கேக்கிறதை விட்டிட்டு!" மச்சாள் அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

புறப்பட்ட காலையில் மாமா சைக்கிளோடு கேற்றடியில் நின்றார். ஓமந்தை வரை கரியரில், பிறகு நடை, அங்கால் ஆமிச் சோதனை, அதற்கப்பால் வவுனியா. மச்சாள் புதுச் சட்டையில் கரியரில் ஒருபக்கமாக ஏறி இருந்தாள். தெரு முழுக்க வந்து நின்றது. சைக்கிள் அசையத் தொடங்கியதும் திரும்பிக் கத்தினாள்.

"மச்சாள்! உன்ரை பிளேனிலை நான் போறன், நீ இருந்து வாய்க்கால் கீறு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கை காட்டினேன். அன்று மத்தியானம் வரை அலுவலகத்தில் உண்மையாகவே ஒரு வாய்க்கால்தான் கீறினேன்.

முதல் கடிதம் மூன்று மாதம் கழித்து வந்தது. நாலு பக்கம். சின்னப் பெட்டியில் தனித்தனியாக மூடி வைத்த சாப்பாடு, சூடான ஈரத் துவாய், மேகம் கீழே போடப்பட்ட பஞ்சு மாதிரி இருந்தது, குளிர், மாமியார், நிலத்துக்குக் கீழே ஓடும் ரயில். மூன்றாம் பக்கத்தின் அடியில் இது இருந்தது: "நீ சொன்ன மூண்டு எஞ்சின் பிளேன் இல்லையடி. நாலு. செட்டைக்கு ரண்டு ரண்டு. புதுசாம். மூண்டு எஞ்சினை இப்ப அரபு நாட்டுப் பக்கம் ஓடவிட்டிருக்காம் எண்டு பக்கத்துக் கதிரை அங்கிள் சொன்னவர். உன்ரை கொப்பியைத் திருத்து."

என் படத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

உன்ரை கொப்பியைத் திருத்து. அந்த மூன்று சொற்களை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் சொன்னது சரி. என் சரைகள் எல்லாம் ஒன்றிரண்டு ஆண்டு பழையவை. புதிய நாலு எஞ்சின் விமானம் வந்த செய்தியில் சுற்றிய சீனி எங்கள் கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. கோர்ன் இருக்கா என்று கேட்டவள் என்னைத் திருத்தினாள். கண்ணால் கண்டவளோடு வாதாட முடியாது. புதிய வரி போட்டு, எஞ்சின் என்ற கட்டத்தில் 4 என்று எழுதினேன். மற்றக் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. அவள் நினைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் நிரப்பியிருக்கலாம்; அவளுக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை என்று முடிவு கட்டினேன். பதில் எழுதவில்லை. அடுத்த கடிதத்துக்கும் எழுதவில்லை. பிறகு அவளும் நிறுத்தினாள்.

தொண்ணூற்றேழில் தெரு முழுக்கச் சண்டை வந்தது. கனகராயன்குளத்தை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் போனோம். நாயாற்றுக்குக் கிட்ட ஒரு கொட்டிலில் இரண்டரை ஆண்டு. அலுவலகமும் இடம்பெயர்ந்து, ஒரு பள்ளிக்கூடத்து மரத்தின் கீழ் இயங்கியது. கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்துக் கொண்டு போனேன். அங்கேயும் சரை வந்தது. நிறுவனத்தின் ஒரு பங்கை வெளிநாட்டுக் கம்பனி ஒன்று வாங்கி நடத்துகிறது என்பதையும், பெயரும் மயிலும் மாறின என்பதையும், புதிய இரட்டை எஞ்சின் விமானங்கள் வருகின்றன என்பதையும் மீன் சுற்றிய தாள்களில் வாசித்தேன். எழுதிக்கொண்டேன்.

இரண்டாயிரத்தில் ஊருக்குத் திரும்பிச் சில மாதங்களில் அந்தக் கடிதம் வந்தது. நீர்ப்பாசனத் திட்ட வரைபடங்களில் மூன்று மாதப் பயிற்சி, பாங்கொக்கில், மாவட்டத்துக்கு ஒருவர், எங்கள் மாவட்டத்துக்கு நான். பயணச் சீட்டு எங்கள் நாட்டு விமானத்தில். கடிதத்தை அலுவலக மேசையில் வைத்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, ஒரு வரைபடத்தைப் பார்ப்பதுபோல நின்று பார்த்தேன். வழி மன்னார்ப் பக்கத்தால். போகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த நாளில் எங்கே நிற்க வேண்டும் என்று அட்டவணை போட்டேன். முதல் கட்டம்: பாஸ்.

பாஸ் அலுவலகத்தில் இப்போது ஒரு பெண் இருந்தாள். என்னைவிட இளையவள். மரியாதையானவள். பெயரைக் கேட்டு, பழைய பதிவேடுகளில் ஒன்றை எடுத்து, விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். விரல் நின்றது.

"அக்கா, நீங்கள் ஒராளுக்குப் பிணை நிண்டிருக்கிறியள்."

"ஓம்."

"ஒரு மாதத்திலை வருவா எண்டு கிடக்கு. இவா உங்களுக்கு ஆர்?"

"மச்சாள்."

"இப்ப எங்கை?"

"பாரிசில."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கண் காட்ட எண்டு எழுதியிருக்கு. அவ்வளவு தூரமோ?"

நான் கடிதத்தை நீட்டினேன். முழுவதையும் வாசித்தாள். நல்ல பயிற்சி என்றாள். மூன்று மாதத்தில் திரும்பி வருவேன் என்றேன். "மச்சாளும் அப்பிடித்தானே அக்கா சொன்னவா" என்றாள். குரலில் நையாண்டி இல்லை. கடிதத்தைத் திருப்பி வாங்கி மடித்துக்கொண்டு கேட்டேன்.

"என்ன செய்யலாம்?"

"அவா வந்து கையெழுத்து வைச்சால் உங்கடை பேரை வெட்டலாம்."

என் இடத்துக்கு வேறு மாவட்டத்துப் படவரைஞர் ஒருவர் போனார். அவரை நான் கண்டதில்லை. ஆனாலும் அந்த மூன்று மாதமும், போகும்போது அவர் ஜன்னலோரமாக இருந்தாரா, செட்டைக்கு முன்னாலா பின்னாலா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு மச்சாளுக்கு எழுதினேன். நாலு ஆண்டுக்குப் பின் முதல் கடிதம். சுகமா என்று கேட்கவில்லை. ஒன்பது விஷயங்களை இலக்கமிட்டு எழுதினேன். நான் யாருக்காகப் பிணை நின்றேன். அதனால் எதை இழந்தேன். பதிலுக்கு நான் கேட்டது ஒரு சின்னப் படத்தை நிரப்பித் தருவது மட்டும். அதைக்கூட நீ செய்யவில்லை. ஒன்பதாவது, இனி எனக்கு என்ன வழி என்று நீயே சொல்.

பதில் மன்னார்ப் பக்கமாகச் சுற்றி, இரண்டாயிரத்து ஒன்று மாசியில் வந்தது. அதில் ஒரு பகுதியை அப்படியே எழுதுகிறேன்.

"மச்சாள், உன்ரை படத்தை நான் எறியேல்லை. ஓமந்தைக்கு அங்காலை ஆமிச் சோதனையில வரிசையில நிக்கேக்கை, எனக்கு முன்னுக்கு நிண்ட பெட்டையின்ரை பையைக் கொட்டிக் கிளறினவை. அப்பதான் எனக்கு நினைவு வந்தது. வன்னியிலையிருந்து வாற பெட்டையின்ரை கைப்பைக்குள்ளை பிளேன் படம், அம்புக்குறி, இலக்கம். என்னை அங்கை விட்டிருப்பினமே? மெல்ல எடுத்து வாய்க்குள்ளை வைச்சன். ட்ரேசிங் பேப்பர் எவ்வளவு வைரம் எண்டு உனக்குத் தெரியுமே? மெண்டாலும் போகாது, விழுங்கவும் ஏலாது. என்ரை முறை வரேக்கை ஆமிக்காரி வெத்திலையோ எண்டு கையால கேட்டாள். தலையாட்டினன். மை முழுக்க நாக்கிலை, கடைசியிலை ஒருமாதிரி விழுங்கிட்டன். கொழும்புக்குப் போகும் வரைக்கும் எனக்கு வயித்துக்குத்து. கடிதத்திலை எழுதப் பயம், ஆர் ஆர் உடைச்சு வாசிப்பினமோ எண்டு. இப்ப என்ன வந்தாலும் வரட்டும் எண்டு எழுதுறன்."

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

அந்தப் படத்தை வரைந்தபோது வழியில் சோதனைச்சாவடி இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். என் கொப்பியைக் கண்டால் யார் யார் கேள்வி கேட்பார்கள் என்று அம்மா சொன்னது காதில் விழவில்லையா? விழுந்தது. இதை நேர்மையாக எழுத வேண்டும். வரையும்போது ஒருமுறை அந்த நினைவு வந்தது. பிறகு வாலின் வளைவு சரியாக வரவேண்டும் என்பதில் கவனம் போய்விட்டது. அவளுக்கு ஏதும் நடக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நடக்கக்கூடாது என்றும் போதுமான அளவு நினைக்கவில்லை. அவளோ ஐந்து ஆண்டாக அதை ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

இதை வாசித்ததும் என் பொறாமை தீர்ந்தது என்று எழுத விருப்பம்தான். ஆனால் கடிதம் அதோடு முடியவில்லை.

மச்சாள் பாரிஸ் விமான நிலையத்தில் வேலை செய்கிறாள். வந்து இறங்கும் விமானங்களுக்குள் ஏறித் துப்புரவாக்கும் வேலை. ஆட்கள் இறங்கியதும் இவர்கள் ஏறுவார்கள். கதிரை இடுக்கிலிருந்து கச்சான் கடலைக் கோது, பிள்ளைகளின் சப்பாத்து, கழற்றிவைத்த பல் செற், எல்லாம் எடுப்பார்கள். "நீ பொறாமைப்பட இஞ்சை ஒண்டுமில்லையடி. நான் கழுவுறது கக்கூஸ். ஏறுறன், கூட்டுறன், இறங்குறன். வந்த நாளிலையிருந்து ஒருநாளும் மேலை கிளம்பினதில்லை. எங்கடை நாட்டுப் பிளேன் வந்தால் மட்டும் கொஞ்சம் கூட நேரம் நிண்டு கூட்டுவன், உள்ளுக்கை எங்கடை கறி மணக்கும்."

கடிதத்தோடு தனியாக ஒரு தாள் இருந்தது. கோடு போட்டு, கட்டம் பிரித்து, என் கொப்பியின் அதே ஒழுங்கில். எங்கள் நாட்டு விமானங்களில் அவள் ஏறிக் கூட்டியவை. திகதி, பதிவெழுத்து, எஞ்சின், கதவு, ஒரு வரிசையில் ஆசனம், எஞ்சினில் உள்ள பெயர். அடியில் ஒரு குறிப்பு: "உயரம் மட்டும் தெரியேல்லை. நான் ஏறேக்கை அது நிலத்திலைதானே நிக்கும்."

அதைத் தவிர ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை.

அவளை நினைத்து அழவேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரியும். நான் அழவில்லை. அந்தத் தாளை என் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்து ஆண்டாகச் சரையிலும் மீன்தாளிலும் பொறுக்கியதைவிட, கணக்கில் மூன்று தரம் தவறியவள் கையில் தும்புத்தடியோடு சேர்த்தது முழுமையாக இருந்தது. அவள் அந்தக் கதவுகளைத் தொட்டு எண்ணியிருக்கிறாள். கக்கூஸ் கழுவுவதற்காவது அந்த விமானத்துக்குள் ஏற ஒரு நாள் கிடைத்தால் நான் போவேனா என்று என்னையே கேட்டேன். போவேன். அன்று எனக்கு வந்த பொறாமை, அவள் சைக்கிள் கரியரில் போன அன்று வந்ததைவிடப் பெரிது. ஒரு வித்தியாசம், இந்த முறை அதை அவளுக்கே எழுதினேன். படத்துக்காக மன்னிப்பும் கேட்டேன். இரண்டும் ஒரே கடிதத்தில், இலக்கமிடாமல்.

"விசரி" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. அதன் கீழே, அவள் நிரந்தரமாக அங்கேதான் இருக்கிறாள், திரும்பி வரமாட்டாள், பிணை நின்றவர்மேல் குற்றமில்லை என்று தன் கைப்பட எழுதி, அங்குள்ள நகர அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கிய தாள். இது உதவுமா, இருப்பதையும் கெடுக்குமா தெரியாது, நீயே பார்த்துச் செய் என்று எழுதியிருந்தாள்.

அந்த ஆடியில், கட்டுநாயக்கா விமான நிலையத்தை இயக்கம் தாக்கியதைச் சைக்கிள் டைனமோவில் ஓடிய வானொலியில் கேட்டோம். பெடலை மாமா மிதித்தார். நிறுவனத்தின் விமானங்களில் ஏறக்குறைய பாதி எரிந்தோ சேதமாகியோ விட்டன என்றது செய்தி. ஊரில் ஆளுக்கொரு கதை. நான் கொப்பியை எடுத்து, "போனது" என்ற கட்டத்தில் எழுதவேண்டியதை எழுதினேன். மச்சாள் கூட்டித் துடைத்தவற்றில் எவை போயின என்று தெரியவில்லை. வானொலி பதிவெழுத்துகளைச் சொல்லவில்லை. அம்மா பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "இனியாவது அதை விடு பிள்ளை" என்றா. கோபமாகச் சொல்லவில்லை.

மச்சாளின் தாளை ஆவணியில் பாஸ் அலுவலகத்தில் கொடுத்தேன். அதே பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்படி ஒன்று முன்பு வந்ததில்லை என்றாள். மேலே அனுப்பிக் கேட்க வேண்டும் என்றாள்.

இப்போது மார்கழி. பதில் வரவில்லை. பதிவேட்டில் என் பெயர் வெட்டப்படவில்லை. அலுவலகத்துக்கு அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கான சுற்றறிக்கை வந்திருக்கிறது, விண்ணப்பித்திருக்கிறேன். மச்சாளுக்கு இந்த மாதம் இரவு வேலை. எங்கள் நாட்டு விமானம் முன்புபோல் அடிக்கடி வருவதில்லையாம். நான் இதுவரை எந்த விமானத்திலும் ஏறவில்லை.